மனசு லேசாகும் நாவல் வேண்டுமா? புது எழுத்தாளரைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு புத்தகத் திருவிழாக் கடையில் ஐந்து குடும்ப நாவல்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு தர்மபுரியில் பஸ் ஏறினேன். ஐந்து அட்டையிலும் மல்லிகைப்பூ வைத்த ஒரு பெண், பின்னால் மங்கலாக ஒரு ஆண். வீட்டுக்கு வந்து படித்தால், மூன்றில் நாயகன் நாயகியைக் கன்னத்தில் அறைகிறான். அடுத்த அத்தியாயத்திலேயே அவள் அவனுக்குக் காபி கலக்கிறாள். நாலாவதில் பத்தாம் பக்கத்துக்குள் அம்மா செத்துப்போகிறார். ஐந்தாவதுதான் நான் தேடியது: ஒரு கல்யாண வீடு, மூன்று அக்கா தங்கைகள், பந்திக்கு வராமல் காணாமல் போன ஒரு கூடை ஜாங்கிரி.

அந்த ஐந்தாவது புத்தகத்தை வைத்து ஒரு வருடத்தில் ஏழு புது எழுத்தாளர்களைப் பிடித்தேன். பெண்களின் அன்றாடத்தைச் சொல்லும், படித்தால் சிரிப்பு வரும் நாவல் வேண்டும், ஆனால் யாருடையதை எடுப்பது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

படி 1: உங்களுக்கு எது பிடித்தது என்று எழுதுங்கள்

பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். படித்ததில் பிடித்த மூன்று நாவல்களுக்கு நேராக ஒவ்வொரு வரி எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். புத்தகத்தை மூடிய பிறகு யாரிடமாவது எதைச் சொல்லிச் சிரித்தீர்களோ, அதை எழுதுங்கள்.

இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘மாமியார் மருமகள் கதை’ என்று தேடினால் ஒப்பாரியும் கிடைக்கும், கிண்டலும் கிடைக்கும். ‘சண்டை போடும்போதும் ஜோக்கடிக்கும் மாமியார்’ என்று எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. என் நோட்டில் மூன்று வரியும் ஒரே மாதிரி வந்தது: கதாநாயகனை விட அவன் சித்தப்பாவைப் பிடித்தது, தோழியின் பாட்டியைப் பிடித்தது, வீட்டு ஓனரம்மாவைப் பிடித்தது. சரி, எனக்கு வேண்டியது துணைப் பாத்திரங்களை நன்றாக எழுதுபவர் என்று புரிந்தது. அதன் பிறகு அட்டைப்படம் பார்த்து நான் எதையும் வாங்கியதில்லை.

படி 2: நூலகத்தில் கிழிந்த புத்தகத்தைத் தேடுங்கள்

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் கிளை நூலகம் இருந்தால் அதுவே போதும். உள்ளே போய் ‘நல்ல நாவல் இருக்கா?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லா நூலகரும் பொன்னியின் செல்வனைத்தான் காட்டுவார்கள். ‘பொம்பளைங்க அதிகமா எடுத்துட்டுப் போற குடும்ப நாவல் எந்த வரிசையில இருக்கு?’ என்று கேளுங்கள்.

வரிசையைக் காட்டியதும் தேதி முத்திரை குத்தும் தாளைப் பாருங்கள். நெருக்கி நெருக்கிக் குத்தியிருந்தால் புத்தகம் அலமாரியில் தங்கவே இல்லை என்று அர்த்தம். அட்டை போய், தடிமனாக மறுபடி பைண்டு செய்த புத்தகம் இன்னும் நல்ல அடையாளம். படிக்க ஆள் இருப்பதால்தான் அது அப்படிக் கிழிந்திருக்கிறது. ரமணிசந்திரன் நாவல்களை இதற்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம், நம்மில் பலருக்குத் தொடக்கமே அவர்தான். அதே அளவு கிழிந்து, ஆனால் நீங்கள் கேள்விப்படாத பெயர் ஒன்று அந்த வரிசையில் இருக்கும். அதை எடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். குடும்ப நாவல் என்றாலே உதட்டைச் சுழிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. குடும்பக் கதைகளாகவே எழுதிய லக்ஷ்மி ஒரு மருத்துவர், தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், 1984இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். அவருக்கு முன்பே வை.மு. கோதைநாயகி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி, ஜகன்மோகினி என்ற பத்திரிகையையும் நடத்தியிருக்கிறார். யாராவது கேட்டால் இதைச் சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் படியுங்கள்.

படி 3: பரண் மேல் ஏறுங்கள்

என் சின்னம்மா வீட்டில் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்த கட்டு ஒன்று இருந்தது. 1970, 80களில் பல வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலும் பெரியம்மாவிடம் கேட்டால் ஒன்றாவது தேறும். தொடர்கதையைப் படிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தாளைத் திருப்பிப் பாருங்கள். சில தாள்களின் பின்புறத்தில் வேறொருவர் எழுதிய சிறுகதை பாதியில் நிற்கும். வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் தவறிப்போய் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடும் கதை ஒன்று அப்படித்தான் கிடைத்தது. முடிவு இல்லை. தலைப்பும் எழுதியவர் பெயரும் இருந்தன. பெயரை நோட்டில் குறித்துக்கொண்டு நூலகத்தில் தேடினேன், இரண்டு நாவல்கள் இருந்தன. அந்தப் பஜ்ஜிக் கதையின் முடிவுதான் இன்னும் கிடைக்கவில்லை.

மாத நாவல்களையும் விட்டுவிடாதீர்கள். 1969இல் தொடங்கிய ராணிமுத்து அந்த வகையில் மூத்தது. விலை குறைவு. தர்மபுரியில் ஏறினால் ஓசூரில் இறங்குவதற்குள் ஒன்றை முடித்துவிடலாம். பிடிக்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

படி 4: போனில் தேடும்போது

போனில் கதை படிக்கும் தளமான பிரதிலிபி 2014இல் பெங்களூரில் தொடங்கியது. அதன் செயலியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் படித்து மாளாது. அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலிலும் தமிழ் நாவல்கள் குவிந்து கிடக்கின்றன. வாங்குவதற்கு முன் ‘சாம்பிள்’ என்பதைத் தொட்டால் முதல் சில பக்கங்கள் இலவசமாக வரும்.

புதிதாக வருபவர்களுக்கு இந்த உலகத்தின் பேச்சு புரியாது. ‘எபி’ என்றால் ஒரு அத்தியாயம். ‘யூடி’ என்றால் அடுத்த பகுதி வெளியாவது. ‘ஆன்டி ஹீரோ’ என்று போட்டிருந்தால் நாயகன் முரடன், நாயகி அழுவாள். சிரிக்க வந்தவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுங்கள். ‘நகைச்சுவை’, ‘குடும்பம்’ இரண்டும் சேர்ந்து இருந்தால் உள்ளே நுழையலாம்.

நட்சத்திரத்தை நம்பாதீர்கள், எல்லாருக்கும் ஐந்துதான். ‘சூப்பர் சிஸ், அடுத்த யூடி எப்போ?’ என்ற பாராட்டிலும் நமக்கு ஒன்றும் கிடைக்காது. யாராவது ஒருவர் ‘அந்தக் கேஸ் சிலிண்டர் சண்டையைப் படிச்சு ஆபீஸ்ல சிரிச்சு மாட்டிக்கிட்டேன்’ என்று குறிப்பிட்டு எழுதியிருந்தால் அந்த நாவலை எடுங்கள்.

படி 5: நடுப்பக்கச் சோதனை

முதல் பக்கத்தை எல்லாரும் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுவார்கள். அதனால் நடுவில் திறவுங்கள். குறைந்தது மூன்று பேர் பேசிக்கொள்ளும் இடமாகப் பாருங்கள். புது மருமகள் முதல்முறை சாம்பார் வைத்த காட்சி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இப்படி எழுதுவார்:

‘‘உப்பே இல்லை!’’ மாமியாரின் சொல் ஈட்டியாய்ப் பாய்ந்தது. அவள் கண்கள் குளமாயின.

இன்னொருவர் இப்படி:

‘‘உப்பு சரியாத்தான் இருக்கு’’ என்றார் மாமியார், பர்ஸைத் தொலைத்தவர் போல. மாமனார் சத்தமில்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

இரண்டாவது ஆளின் பெயரை நோட்டில் எழுதுங்கள். சம்பவம் ஒன்றுதான், ஆனால் இவர் மாமியாரையும் வில்லியாக்கவில்லை, மாமனாரையும் சும்மா உட்கார வைக்கவில்லை.

படி 6: என்னுரையைப் படியுங்கள்

நாம் வழக்கமாகத் தாண்டிப் போகும் பக்கம் இது. உடன் எழுதும் தோழிகளுக்கும், கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கருத்துச் சொன்னவர்களுக்கும் பலர் அங்கேதான் நன்றி சொல்கிறார்கள். அந்தப் பெயர்களில் சிலரும் எழுத்தாளர்களாக இருப்பார்கள். என் ஏழு பேரில் மூன்று பேர் இப்படி வந்தவர்கள்.

படி 7: ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்

இதைக் கட்டாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் கையில் இதைவிடக் கறாரான சோதனை இல்லை.

எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் புளி வேலை நடக்கும். பாலக்கோட்டில் அத்தை வீட்டுத் திண்ணையில் ஓடு நீக்கிய புளி குவிந்திருக்கும். நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கல்லின் மேல் புளியை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுப்பார்கள். எனக்கு அந்த வேலை வராது, விரலில்தான் தட்டிக்கொள்வேன். அதனால் நாவலை வாசிக்கச் சொல்லிவிட்டார்கள்.

டக் டக் என்று அந்தச் சத்தம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தால் கதை யாரையும் தொடவில்லை. வர்ணனை நீளும்போது தட்டுவது வேகமாகும். சில இடத்தில் ஒரு சுத்தியல் நிற்கும், அப்புறம் இன்னொன்று. ஜாங்கிரி நாவலில், காணாமல் போன கூடை மாப்பிள்ளையின் தாத்தா அறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பக்கம் வந்தபோது ஐந்தும் நின்றுவிட்டன. அத்தை புளி ஒட்டிய கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

‘‘இந்தப் பொண்ணு வேற என்ன எழுதியிருக்கு?’’ என்று கேட்டார்.

‘‘இன்னும் நாலு இருக்கு அத்தை.’’

‘‘அப்ப நாளைக்கு அதுல ஒண்ணு எடுத்துட்டு வா. இன்னும் ரெண்டு மூட்டை கிடக்கு.’’