ஒரே ஒரு டேப், முப்பது பிள்ளைகள்: வாசிப்பு வகுப்பை நடத்துவது எப்படி?

அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பலரிடம் இப்போது டேப் (டேப்லெட் கணினி) இருக்கிறது. ஆனால் வகுப்புக்கு அது ஒன்றுதான். தூக்கிப் பிடித்து வீடியோ போட்டால் மூன்றாவது வரிசைக்கே படம் தெரியாது, சத்தம்தான் கூடும். அதைவிட, பிள்ளைகள் கையில் கொடுத்து அவர்கள் வாசிப்பதை அவர்களையே பதிவு செய்ய விடுங்கள். மூன்றாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பயன் இல்லை என்பேன்.

முந்தின நாளே முழுதாக சார்ஜ் ஏற்றி, ஃபிளைட் மோடில் போடுங்கள். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் ஒரே செயலியை மட்டும் திரையில் பூட்டி வைக்கும் ஆப் பின்னிங்கை ஆன் செய்து, வாய்ஸ் ரெக்கார்டரைப் பின் செய்யுங்கள். வெளியேற பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். இதை விட்டுவிட்டால் சிறிது நேரத்தில் யாராவது கேம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நாலு பேர் ஒரு குழு. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் டேப்பைப் பிடிக்க, மற்ற இருவரும் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர வேண்டும். ஒரு நிமிடம் வாசிப்பு, ஒரு நிமிடம் பதிவைக் கேட்பது, தடுக்கிய சொற்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுத் திரும்பச் சொல்வதற்கு இன்னொரு நிமிடம். ஆளுக்கு 3 நிமிடம், குழுவுக்கு 12. ஒரு பாடவேளையில் மூன்று குழுதான் முடியும். முப்பது பேரும் முடிய மூன்று நாள் ஆகும். மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிடுங்கள்.

கோடு போடுவதை வாசித்த பிள்ளையே செய்யட்டும். ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று சொன்னதைத் தன் குரலிலேயே கேட்கும்போதுதான் அதற்கு உறைக்கும். நாம் நூறு முறை திருத்தினாலும் அந்த நேரத்துக்குத் தலையாட்டிவிட்டு மறந்துவிடும்.

பதிவு கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். பிடிக்கிற பிள்ளையின் உள்ளங்கை, ஓரத்தில் இருக்கும் மைக் துளையை மூடிவிடும். அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் அம்புக்குறி ஒட்டிக் காட்டுங்கள். இரண்டாவது மின்விசிறி. வராந்தாவுக்கு அனுப்பினால் குரல் தெளிவாகப் பதியும். வாய்க்கும் டேப்புக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். ரெக்கார்டர் இல்லாத டேப்பில் கேமராவைப் புத்தகத்தின் மேல் திருப்பி வீடியோவாக எடுக்கலாம், முகமும் விழாது.

பாடநூலில் உள்ள கியூஆர் கோடை வகுப்பில் வைத்து ஸ்கேன் செய்யாதீர்கள். சிக்னல் இழுத்தால் பாடவேளையே போய்விடும். அதில் வரும் பாடத்தை வீட்டிலேயே அரசின் திக்‌ஷா செயலியில் டவுன்லோடு செய்து வையுங்கள். கியூஆர் கோடு பிடிபடாவிட்டால் முதலில் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள், பிள்ளைகள் தொட்டுத் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும்.

ஒரு நிமிடப் பதிவு 1 எம்பி அளவுதான். இருந்தாலும் மாதத்துக்கு ஆளுக்கு ஒன்றை மட்டும் ‘3அ-12’ என்பதுபோல் வரிசை எண் போட்டு வைத்துக்கொண்டு, மீதியை அழித்துவிடுங்கள். ஜூன் பதிவையும் செப்டம்பர் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டால் பெற்றோருக்கு மதிப்பெண் பட்டியலே தேவைப்படாது.