கொள்ளு, நரிப்பயறு, மொச்சை: புரதம் வீணாகாமல் சமைப்பது எப்படி?

புரதம் என்றதும் முட்டை, சிக்கன், பவுடர் டப்பா என்றே யோசிக்கிறோம். கொள்ளும் நரிப்பயறும் மொச்சையும் அந்தப் பேச்சிலேயே வருவதில்லை, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, மற்ற இரண்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். இது உலர்ந்த மணிக்கான கணக்கு. வெந்தால் தண்ணீர் குடித்துப் பெருத்துவிடும், அப்போது 100 கிராமுக்கு 8 கிராம் போலத்தான் கிடைக்கும். அதிலும் உடம்பில் எவ்வளவு சேரும் என்பது நாம் சமைக்கும் விதத்தைப் பொறுத்தது. கொள்ளை வைத்தே சொல்கிறேன்.

1. அரித்தல்
கொள்ளு நிறத்திலேயே, கொள்ளு அளவிலேயே கல் கிடக்கும். கண்ணை நம்பாமல் தண்ணீர் விட்டு அரித்தெடுங்கள்.

2. ஊறவைத்தல்
ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், இரும்பு போன்ற சத்துகள் உடம்பில் சேராமல் தடுக்கும் ஃபைடிக் அமிலமும் டானினும் கொஞ்சம் அதோடு போய்விடும். ஊறாமல் கல்லாகக் கிடக்கும் மணிகளையும் பொறுக்கிவிடுங்கள்.

3. முளைகட்டுதல்
நேரமில்லை என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான், என்னைக் கேட்டால் விடவே கூடாதது இதுதான். முளைக்கும்போது விதை தன் சேமிப்பைத் தானே உடைக்கத் தொடங்குகிறது, ஃபைடிக் அமிலமும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் குறைகின்றன, அதனால் இரும்புச்சத்தும் கூடுதலாகச் சேரும். துணியில் தளர்வாகக் கட்டி ஒரு நாள் வையுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. கொழகொழப்போ புளித்த வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். முளைப்பயறைப் பச்சையாகத் தின்ன வேண்டாம், அந்த ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகள் பெருகவும் தோதானவை.

4. வேகவைத்தல்
ஒரு மணியை விரலில் நசுக்குங்கள், நடுவில் வெள்ளையாக மாவு தெரிந்தால் இன்னும் வேகணும். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போடாதீர்கள், தயாமின் என்ற பி1 வைட்டமின் அழிந்துவிடும். கொள்ளு வெந்த தண்ணீரைச் சூப்பில் சேர்க்கலாம். முற்றிய மொச்சைக்கு அது ஆகாது: அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கலாம் என்பதால் ஊறிய நீர், கொதித்த நீர் இரண்டையும் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவிடுங்கள்.

5. தானியத்தோடு சேர்த்தல்
புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் லைசின் பயறில் தாராளம், மெத்தியோனின் குறைவு. அரிசி, கம்பு, கோதுமையில் இது தலைகீழ். ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்றில்லை, அன்றைய சாப்பாட்டில் இரண்டும் இருந்தால் சரி.

பழக்கமில்லாதவர்கள் முதலில் சில கரண்டி மட்டும் சாப்பிடுங்கள், வயிறு உப்புசம் இல்லையென்றால் அப்புறம் கூட்டலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.