பனை ஓலையில் ஒரு புரதம் கட்டுவது எப்படி?

மூல ஏட்டைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் படியெடுத்த ஓலையை மட்டும் வெளியே அனுப்புவதுபோல, நம் செல்லில் டி.என்.ஏ உட்கருவுக்குள்ளேயே இருக்கும், அதன் படியான தூது ஆர்.என்.ஏ மட்டும் வெளியே வரும். அதைப் படித்துத்தான் செல் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் கட்டுகிறது. ஆகவே பிளஸ் டூ வகுப்பில் இதைச் செய்துகாட்ட ஓலையே பொருத்தம். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் அதற்குப் பஞ்சமும் இல்லை.

குருத்தோலையில் ஈர்க்கை நீக்கி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். 66 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, இரு முனையிலும் 3 செ.மீ. விட்டு, 2 செ.மீ.க்கு ஓர் எழுத்தாக எழுதுங்கள் (ஏ, யு, ஜி, சி என்பவை ஆர்.என்.ஏ-வின் நான்கு எழுத்துகள்; மூன்று எழுத்து சேர்ந்தது ஒரு கோடான், அதாவது ஓர் அமினோ அமிலத்துக்கான அல்லது நிறுத்தத்துக்கான குறி):

ஏயுஜி – ஜியுஜி – சிஏயு – சியுஜி – ஏசியு – சிசியு – ஜிஏஜி – ஜிஏஜி – ஏஏஜி – யுஏஏ

இது மனித ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலித் தொடக்கம். முழுச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள்; வகுப்புக்காக ஒன்பதோடு நிறுத்தியிருக்கிறோம்.

செல்லில் புரதத்தைக் கட்டும் ரைபோசோமுக்கு, 18 செ.மீ. சன்னல் வெட்டிய அட்டை. அதில் மூன்று கோடான்கள் தெரியும்: இடப்பக்கம் வெளியேறும் இடம், நடுவில் சங்கிலி இடம், வலப்பக்கம் வரவு இடம். அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ-வுக்கு 6 செ.மீ. அகலத்தில் ஒன்பது அட்டைகள். கீழே எதிர்கோடான் (கோடானோடு இணையும் எழுத்துகள்: ஏ-வுக்கு யு, ஜி-க்கு சி) எழுதி, மேலே நூலில் அமினோ அமிலச் சீட்டைக் கட்டுங்கள். எந்த அமிலம் என்பதைத் தூது ஆர்.என்.ஏ-வின் கோடானை வைத்தே கோடான் அட்டவணையில் பாருங்கள். எதிர்கோடான் யுஏசி-யை அப்படியே தேடினால் மெத்தியோனினுக்குப் பதில் டைரோசின் வந்துவிடும்.

ஏயுஜி நடுவில் நிற்கட்டும். அதன்மேல் மெத்தியோனின் அட்டை. வரவு இடத்தில் வாலின் அட்டை. பலருக்கும் கை தவறுவது இங்கேதான்: வாலினை அவிழ்த்து மெத்தியோனின் அட்டையில் கட்டிவிடுவார்கள். உண்மையில் பழைய அட்டையிலிருந்து அவிழ்வது சங்கிலிதான். அது புதிதாக வந்த அமிலத்தோடு போய் முடிகிறது. முடிச்சுப் போடுவதும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ-தான், அதிலுள்ள புரதம் அல்ல. பிறகு ஓலையை இடப்பக்கம் சரியாக 6 செ.மீ. இழுங்கள், வெற்று அட்டை வெளியேறும்.

இப்படியே தொடருங்கள். நிறுத்தக் குறியான யுஏஏ வந்ததும் எந்த அட்டையும் பொருந்தாது. விடுவிப்புப் புரதம் வந்து சங்கிலியை அவிழ்த்துவிடும்.

இன்னோர் ஓலையில் நான்காம் எழுத்தான ஜி-யை வெட்டி ஒட்டிப் பாருங்கள். ஏயுஜி, யுஜிசி, ஏயுசி, அடுத்தது இன்னொரு நிறுத்தக் குறியான யுஜிஏ: மூன்றே அமிலத்தில் நின்றுவிடும். அதுவே ஏழாவது கோடானில் ஜிஏஜி-யை ஜியுஜி ஆக்கினால் சங்கிலி முழு நீளத்துக்கும் வரும். குளுட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் மட்டும் வாலின். அரிவாள் செல் நோய்க்கு அந்த ஓர் எழுத்தே காரணம். புத்தகத்தில் இதை ஆறாவது இடம் என்று போட்டிருப்பார்கள். முதல் மெத்தியோனின் பின்னர் வெட்டி நீக்கப்படுவதால் வரும் கணக்கு அது.