மூட்டு வலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூட்டு வலித்தாலே ‘வயசாயிடுச்சு, எலும்பு தேஞ்சிருச்சு’ என்று நாமே முடிவுகட்டிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன. மூட்டு நோய்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. தேய்மானத்தில், காலையில் எழுந்ததும் இருக்கும் இறுக்கம் பெரும்பாலும் 30 நிமிடத்துக்குள் விட்டுவிடும். படி ஏறி இறங்கினால் வலி கூடும். முடக்குவாதத்திலோ விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் இரு கைகளிலும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேலும் இறுகிக் கிடக்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியாது, குழாயைத் திருக முடியாது. வேலை செய்யச் செய்யத்தான் கை சற்று இளகும். உடலின் எதிர்ப்பு சக்தி சொந்த மூட்டுகளையே தாக்குவதால் வரும் இந்நோய் 30 வயதுப் பெண்ணுக்கும் வரும். தொடங்கிய சில மாதங்களுக்குள் உரிய சிகிச்சை கிடைத்தால் மூட்டுகள் கோணிப்போவதைப் பெருமளவு தடுக்கலாம் என்றிருக்க, கால்சியம் மாத்திரையும் தைலமுமாக ஓராண்டைக் கழித்துவிடுவது பெரும் இழப்பு.

ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் நம்புவதும் சரியன்று. முடக்குவாதத்தைக் கண்டறிய எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்தவருக்கும் முடக்குவாதம் இருக்கலாம். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் கவுட் நோயில், வலியின் உச்சத்திலும் ரத்தத்தில் அந்த அமிலம் இயல்பான அளவிலேயே இருக்கலாம்.

மருந்தில் நேரும் தவறுகளில் மிகக் கொடியது மெத்தோட்ரெக்ஸேட் தொடர்பானது. முடக்குவாதத்துக்கு இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் விழுங்கிவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்பதை மருத்துவரிடம் கேட்டு, மருந்துச் சீட்டிலும் மாத்திரை அட்டையிலும் தமிழில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். முதியவர் இருக்கும் வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஒருவரே ஏற்பது நல்லது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். வலி குறைந்துவிட்டதென்று தாமாகவே மருந்தை நிறுத்துவதும் கூடாது, ஏனெனில் வலி அடங்கியிருப்பதே அந்த மருந்தால்தான்.

உட்பொருள் எதுவென்று அச்சிடாத பொட்டலப் பொடி இரண்டே நாளில் வலியைப் போக்கினால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து என்பதால், பொட்டலத்தோடு மருத்துவரிடம் செல்வதே வழி. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது குடற்புண்ணுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் இடம் தரும்.

தேய்மானம் உள்ளவர்கள் நடந்தால் இன்னும் தேயும் என்று அஞ்சி உட்கார்ந்தே இருப்பதால் தொடைத் தசை மெலிந்து, முழங்காலின் சுமை கூடுகிறது. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 10 எண்ணும் வரை நிறுத்தி இறக்கும் எளிய பயிற்சியே தசையை வலுப்படுத்தும். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும்; பலர் அதே பக்கத்தில் பிடிக்கிறார்கள்.

ஒரே மூட்டு திடீரெனச் சிவந்து, சூடாகி வீங்கி, கூடவே காய்ச்சலும் வந்தால் எண்ணெய் தடவி நீவக் கூடாது. அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். சில நாட்களிலேயே மூட்டை அழித்துவிடக்கூடியது என்பதால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.