நகைப் பட்டறையில் நைட்ரிக் அமிலம்: இயல்பும் பயனும் கையாளும் முறையும்

கோயம்புத்தூரில் ராஜ வீதி, வைசியாள் வீதி, செல்வபுரம் போன்ற பகுதிகளில் வீட்டோடு ஒட்டிய சிறு அறைகளில் இயங்கும் நகைப் பட்டறைகளுக்கு நைட்ரிக் அமிலம் அன்றாடப் பொருள். தோலைச் சுடும் என்பதால் அதைத் தொடாமல் இருக்க எல்லாரும் கவனமாக இருக்கிறார்கள். ஆனால் அந்த அமிலம் உலோகத்தைக் கரைக்கும்போது எழும் பழுப்புப் புகைக்கு அதே அளவு அஞ்சுவதில்லை. உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் அந்தப் புகைதான் என்பதால், இந்த வழிகாட்டியில் அதற்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

தூய நைட்ரிக் அமிலம் நிறமற்ற திரவம். 83 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 'அடர் அமிலம்' என்று கடையில் கிடைப்பது எடையில் 68 முதல் 70 சதவீதம் அமிலமும் மீதி நீருமாக இருக்கும் கலவை. அதன் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரி. ஒரு லிட்டர் 1.4 கிலோ எடை இருக்கும். வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அது மெல்லச் சிதைந்து நைட்ரஜன் டைஆக்சைடு வாயுவை வெளியிடுகிறது; அந்த வாயு அமிலத்திலேயே கரைந்து அதை மஞ்சளாக்குகிறது. பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் இதை அடைத்து விற்பதற்கு இதுவே காரணம். தோலில் பட்டால் புரதத்தோடு வினைபுரிந்து மஞ்சள் கறையை உண்டாக்கும். தோல் உரிந்து புதிதாக வளரும் வரை அந்தக் கறை போகாது.

இதற்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, வலிமையான அமிலம் என்பது. மற்றொன்று, வலிமையான ஆக்சிஜனேற்றி என்பது. மரத்தூள், துணி, காகிதம், ஸ்பிரிட், அசிட்டோன் போன்ற எரியக்கூடிய பொருள்களோடு அடர் அமிலம் கலந்தால் அவை சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தனியாகத் தொட முடியாத செம்பையும் வெள்ளியையும் நைட்ரிக் அமிலம் கரைப்பதும் இந்த ஆக்சிஜனேற்றத்தால்தான். இரும்பும் அலுமினியமும் அடர் அமிலத்தில் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தைப் பெற்றுக் கரையாமல் நிற்கும். ஆனால் நீர்த்த அமிலத்தில் இரும்பு விரைவாகக் கரைந்துவிடும் என்பதால், இரும்புப் பாத்திரத்தை ஒருமுறை தாங்கியது என்று நம்பிப் பயன்படுத்தக் கூடாது.

உலகில் தயாராகும் நைட்ரிக் அமிலத்தின் பெரும்பகுதி அம்மோனியம் நைட்ரேட் உரத்துக்குப் போகிறது. சாயங்கள், நைலானுக்கான மூலப்பொருள், துருப்பிடிக்காத எஃகின் மேற்பரப்பைச் சுத்தம் செய்தல் ஆகியவற்றிலும் அது பயன்படுகிறது. பட்டறையில் அதற்கு இரண்டு முக்கிய வேலைகள். உரைகல்லில் இழுத்த கோட்டின் மேல் ஒரு துளி வைத்து, கோடு மங்குகிறதா நிலைக்கிறதா என்று பார்த்துத் தங்கத்தின் மாற்றை, அதாவது தூய்மையை, மதிப்பிடுவது முதலாவது. தங்கத்தில் கலந்த வெள்ளியையும் செம்பையும் கரைத்துப் பிரித்தெடுப்பது இரண்டாவது. கலவையில் தங்கம் அதிகமாக இருந்தால் அமிலம் உள்ளே புக முடியாது. அதனால்தான் தங்கம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகும்படி வெள்ளி சேர்த்து உருக்கி, பிறகு அமிலத்தில் இடுகிறார்கள். வெள்ளி கரைந்து போக, தங்கம் பழுப்புத் தூளாக அடியில் நிற்கும். தங்கத்தையே கரைக்க வேண்டுமானால் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு ஒரு பங்கு நைட்ரிக் அமிலம் சேர்த்த ராஜ திராவகம் வேண்டும். 1940இல் ஜெர்மானியப் படைகள் கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெசி இரண்டு நோபல் பதக்கங்களை இந்தக் கலவையில்தான் கரைத்து மறைத்தார். போருக்குப் பின் அதே தங்கத்தைப் பிரித்தெடுத்துப் பதக்கங்களை மீண்டும் வார்த்தார்கள். ராஜ திராவகத்தை ஒருபோதும் மூடி வைக்கக் கூடாது, சேமிக்கவும் கூடாது. அதிலிருந்து வாயு தொடர்ந்து எழுவதால் மூடிய புட்டி வெடித்துவிடும்.

இனி, புகையைப் பற்றி. 100 கிராம் செம்பு அடர் அமிலத்தில் முழுவதும் கரைந்தால், வேதிக் கணக்கின்படி ஏறத்தாழ 75 லிட்டர் நைட்ரஜன் டைஆக்சைடு வெளிவருகிறது. அந்தப் பழுப்புப் புகை இந்த வாயுதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி உள்ள ஓர் அறையில் சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கும். காற்றில் இந்த வாயு பத்து லட்சத்தில் 13 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் நலப் பாதுகாப்பு நிறுவனம் வரையறுத்துள்ளது. மூடிய அந்த அறை அந்த அளவை எட்டுவதற்கு அரை கிராம் செம்பு கரைந்தாலே போதும். அதோடு, இந்த வாயுவை மூச்சில் இழுத்தவருக்கு முதலில் சிறிது இருமலும் தொண்டை எரிச்சலும் மட்டுமே இருந்து, அவை அடங்கியும் போகலாம். பல மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள்கூட, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ஆகவே புகையை நன்றாக இழுத்துவிட்டவர், தாம் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும், அன்றே மருத்துவமனைக்குச் சென்று நைட்ரஜன் டைஆக்சைடு என்ற பெயரைச் சொல்லி, கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். மின்விசிறியைப் போட்டால் புகை அறை முழுவதும் பரவுமே தவிர வெளியேறாது. கரைக்கும் பாத்திரத்தை மூன்று பக்கமும் அடைத்த ஒரு கூண்டுக்குள் வைத்து, அதன் பின்பக்கத்திலிருந்து புகையை இழுத்து, குழாய் வழியாக எரிசோடாக் கரைசலில் கழுவி, மனிதர் நடமாட்டமில்லாத உயரத்தில் வெளியேற்றும் ஏற்பாடு இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராகக் குழாயைத் திருப்பி வைத்தால், ஆபத்தை அந்த வீட்டார் மேல் தள்ளியதாகத்தான் ஆகும். துணி முகக்கவசமும் மருத்துவ முகக்கவசமும் தூசி முகக்கவசமும் வாயுவைத் தடுக்காது. இத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில், குறிப்பாகக் குழந்தைகள் உறங்கும் வீட்டில், இந்த வேலையைச் செய்யவே கூடாது. கட்டணம் கொடுத்து முறையான சுத்திகரிப்பு நிலையத்தில் செய்துகொள்வதே சரி.

வேலை தொடங்குமுன் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, அதன் மேல் முகத்திரை, ரப்பர் ஏப்ரன், மூடிய காலணி ஆகியவற்றை அணிய வேண்டும். கையுறையில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது: மருத்துவமனையில் பயன்படும் மெல்லிய நீலநிற நைட்ரைல் கையுறையை அடர் நைட்ரிக் அமிலம் விரைவில் அரித்துவிடும். தடித்த நியோப்ரீன் அல்லது பியூட்டைல் ரப்பர் கையுறையே ஏற்றது. பருத்திக் கையுறை அமிலத்தை உறிஞ்சித் தோலோடு வைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். தண்ணீர்க் குழாயோ நிரம்பிய வாளியோ கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நீர்க்க வைக்கும்போது முதலில் தண்ணீரைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, அமிலத்தைச் சிறிது சிறிதாக அதில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றிச் செய்தால் எழும் சூட்டில் அமிலம் முகத்தில் தெறிக்கும். பாத்திரம் வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியாகவும், கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பாததாகவும், ஒரு பீங்கான் தட்டின் மேல் வைக்கப்பட்டதாகவும் இருந்தால், நுரை பொங்கினாலும் கண்ணாடி விரிசல் விட்டாலும் அமிலமும் உலோகமும் தட்டிலேயே நிற்கும். அமிலத்தில் உலோகத்தை இட்ட முதல் சில நிமிடங்கள் எதுவும் நடக்காததுபோல் இருக்கலாம். அப்போது பொறுமையிழந்து மேலும் அமிலத்தை ஊற்றுவதோ சூடேற்றுவதோ மிகவும் ஆபத்து. இந்த வினை தன் விளைபொருளாலேயே வேகம் பெறுவது; தொடங்கியதும் சூடேறி, சட்டென்று பொங்கி வழியும். அரப்பொடியையும் மெல்லிய தகட்டையும் ஒரேயடியாகக் கொட்டாமல், ஒவ்வொரு சிட்டிகையும் அடங்கிய பிறகே அடுத்ததை இட வேண்டும்.

தங்கமுலாம் பூசும் பட்டறைகளில் பொட்டாசியம் சயனைடு இருக்கும். அதன் மேல் எந்த அமிலம் பட்டாலும் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழுந்து சில நிமிடங்களில் கொல்லும். இரண்டையும் ஒரே அலமாரியில், ஒரே மேசையில், ஒரே கழிவுத் தொட்டியில் வைக்கக் கூடாது. முடிந்தால் இரண்டையும் ஒரே அறையிலேயே வைக்காதீர்கள். அமிலப் புட்டியைக் குளிர்ந்த, வெயில் படாத இடத்தில், தரையோடு ஒட்டிய அடித்தட்டில், அமிலத்தைத் தாங்கும் தட்டின் மேல் வைத்துப் பூட்ட வேண்டும். அடர் அமிலத்தைத் தண்ணீர்ப் புட்டிக்கோ சாதாரணப் பிளாஸ்டிக் கேனுக்கோ மாற்றுவது கூடாது. குடிநீர் என்று எண்ணி யாரேனும் குடித்துவிடக்கூடும் என்பதோடு, நாளடைவில் அந்தப் பிளாஸ்டிக்கும் நொறுங்கும்.

அமிலம் சிந்தினால் மரத்தூளோ பழந்துணியோ போடாமல், உலர்ந்த மணலால் வளைத்துக் கட்டி, சலவைச் சோடா அல்லது ஆப்ப சோடாவை ஓரத்திலிருந்து மெல்லத் தூவி, நுரைப்பது நின்ற பிறகு அள்ள வேண்டும். பழுப்புப் புகை எழுந்தால் அள்ளுவதை விட்டுவிட்டு எல்லாரும் வெளியேற வேண்டும். உடலில் பட்டால் நனைந்த ஆடையைக் கழற்றி, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். காயத்தின் மேல் சோடாவைப் பூசக் கூடாது. கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து அதே அளவு நேரம் கழுவிக்கொண்டே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

அமில விற்பனைக்கு 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. வாங்குபவரின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. பட்டறையும் தன் பங்குக்கு, எந்த நாளில் எவ்வளவு எடுத்தது, எவ்வளவு மிச்சம் என்று ஒரு நோட்டில் குறித்துவருவது நல்லது.

வேலை முடிந்த கரைசலில் செம்பும் வெள்ளியும் இருக்கும். சாக்கடையில் ஊற்றினால் வெள்ளியும் நட்டம், நீரும் கெடும். சமையல் உப்புக் கரைசலைச் சேர்த்தால் வெள்ளி, வெள்ளைப் படிவாக இறங்கும். அதை வடித்து எடுத்து வைக்கலாம். மிச்சத்தைச் சோடாவால் நடுநிலையாக்கி, செம்புப் படிவை வடிகட்டி, அங்கீகாரம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். நடுநிலையாக்க அம்மோனியாவை மட்டும் பயன்படுத்தவே கூடாது. வெள்ளியும் அம்மோனியாவும் சேர்ந்த கரைசலை வைத்திருந்தால், சிறு அசைவிலும் வெடிக்கக்கூடிய கரும்படிவு அதில் உண்டாகும்.