டிஸ்க் இல்லாமல் பழைய கேமராவிலிருந்து படம் எடுத்த விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் 2005 வாக்கில் வாங்கிய டிஜிட்டல் கேமரா இன்னும் அலமாரியில் இருக்கும். உடன் வந்த மென்பொருள் டிஸ்க்தான் இருக்காது. படத்தைக் கணினிக்கு மாற்ற அது தேவையே இல்லை. கேமராவின் செட்அப் மெனுவில் யூஎஸ்பி என்ற வரியைப் பாருங்கள். பிடிபி (கேமரா படங்களை அனுப்பும் ஒரு முறை) என்றிருந்தால் விண்டோஸ் 10 பெரும்பாலும் தானே அடையாளம் காணும். மாஸ் ஸ்டோரேஜ் என்றால் பென்டிரைவ் போல, படங்கள் இருக்கும் டிசிஐஎம் (DCIM) கோப்புறை திறக்கும். பேட்டரி நிறைந்திருக்கட்டும், பாதியில் அணைந்தால் நகல் கெடும்.

எனக்குத் தடை கேபிளில்தான் வந்தது. மினி-பி என்ற சிறு யூஎஸ்பி வகை 5 முனைக் கேபிள் நுழையவில்லை. நிக்கான் கூல்பிக்ஸ் பலவற்றில் இருப்பது தட்டையான 8 முனைத் துளை. அழுத்திச் செருகினால் முனை வளையும், பிறகு அந்தத் துளையே வீண்.

அதனால் மெமரி கார்டைக் கழற்றி, கணினியில் செருகும் கார்டு ரீடரில் போட்டேன். இதுவே நிச்சயமான வழி. ஆனால் மிகப் பழைய ரீடர் எஸ்டிஎச்சி (அதிகக் கொள்ளளவுள்ள எஸ்டி) கார்டைப் படிக்காது. செருகுமுன் எஸ்டி கார்டின் இடப்பக்கத்துச் சின்னப் பூட்டைக் கீழே தள்ளுங்கள், “ஃபார்மட் செய்யவா?” என்று கணினி கேட்கும்போது கை தவறினாலும் படம் பிழைக்கும்.

நிறுவனத் தளத்தில் மென்பொருள் தேடினால், ‘அப்டேட்டர்’ என்றிருப்பதை எடுக்காதீர்கள். பழைய பதிப்பு கணினியில் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் நிறுவாமல் நின்றுவிடும்.