சுயசேவை பில்லிங் மெஷினில் சில்லறை சில்லறையாகப் பணம் போகும் இடங்கள்

சூப்பர்மார்க்கெட்டில் நாமே ஸ்கேன் செய்து, நாமே பணம் கட்டுகிற மெஷின்களுக்குப் பக்கத்தில் உதவியாளராகக் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது வாடிக்கையாளராகப் போய் நின்றாலும் கண் பக்கத்து மெஷின்களில்தான் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொன்றிலும் போவது சின்னத் தொகைதான். ஆனால் வாராவாரம் போகிறது, போனதும் தெரிவதில்லை.

நிதானமாகச் செய்யுங்கள், பில்லை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் ஏமாறுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

திரை காலியாக இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்குவது

முன்னால் இருந்தவர் ஒரு பொருளை ஸ்கேன் செய்துவிட்டு, மனம் மாறி அப்படியே விட்டுப் போயிருப்பார். அது உங்கள் பில்லில் முதல் வரியாக ஏறிவிடும்.

பீப் வந்தால் விலை சரி என்று நினைப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். பணம் அதிகமாகப் போவதும் இதில்தான்.

பார்கோடுக்குள் பொதுவாக விலை கிடையாது. அதில் இருப்பது ஓர் எண். பெரும்பாலான நாடுகளில் 13 இலக்கம், அமெரிக்கா, கனடாவில் 12. மெஷின் அந்த எண்ணைப் படித்து, கடையின் கணினியில் உள்ள விலைப்பட்டியலில் தேடி, அங்கே என்ன இருக்கிறதோ அதைப் பில்லில் போடுகிறது. எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காகவே வைத்தது. நடுவில் ஏதாவது ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டால் கணக்கு உதைக்கும், பீப் வராது. அதனால் பீப் வந்துவிட்டால் எண்ணைச் சரியாகப் படித்திருக்கிறது என்று நம்பலாம். அந்தச் சத்தத்துக்கு அவ்வளவுதான் அர்த்தம். பட்டியலில் இருக்கிற விலையும் அலமாரியில் நீங்கள் பார்த்த விலையும் ஒன்றுதானா என்பது அதற்குத் தெரியாது.

இந்த இரண்டும் ஏன் வேறுபடுகின்றன? பட்டியல் கணினியில் மாறுகிறது, பெரும்பாலும் இரவோடு இரவாக. காகித விலைச்சீட்டை ஒரு ஆள் அலமாரி அலமாரியாகப் போய்க் கையால் மாற்ற வேண்டும். ஆஃபர் முடிந்த மறுநாள் காலையில் கணினியில் பழைய விலை திரும்பியிருக்கும், அலமாரியில் ஆஃபர் சீட்டு தொங்கிக்கொண்டே இருக்கும். சீட்டு மாற்றுகிறவர் அன்றைக்கு லீவு என்றால் சாயங்காலம் வரைக்கும்கூடத் தொங்கும். ஆஃபர் தொடங்குகிற நாளில் இதுவே தலைகீழாக நடக்கும்: போர்டு வைத்தாகிவிட்டது, கணினியில் இன்னும் ஏறவில்லை.

அப்படி ஒரு நாள் காலையில் நான் பணியில் இருந்தேன். சலவைத்தூள் பெட்டிகளை நுழைவாயிலுக்கு அருகிலேயே அடுக்கி, மேலே பெரிய ஆஃபர் போர்டு வைத்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று என்று எடுத்துக்கொண்டு வந்தார்கள். பீப், பீப், கார்டைத் தட்டினார்கள், போனார்கள். மதியம் வரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் வயதான அம்மா ஒருவர் முதல் பெட்டியை ஸ்கேன் செய்ததும் கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, போர்டுல போட்டிருக்கறது இந்த விலை இல்லையே?" போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அவருக்கு விலையைத் திருத்திக் கொடுத்தோம். காலையிலிருந்து வாங்கிக்கொண்டு போனவர்கள் யார், எங்கே என்று யாருக்குத் தெரியும்?

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்த அம்மாவுக்குத் திருத்திய பிறகும் அடுத்தவருக்கு மெஷின் பழைய விலையைத்தான் போட்டது. உதவியாளர் தன் அடையாள அட்டையைக் காட்டி மாற்றுவது அந்த ஒரு பில்லில் ஒரு வரியை மட்டும்தான். பட்டியலை மாற்றுவது உள்ளே அலுவலகத்தில் இருப்பவர்களின் வேலை. ஆள் உட்கார்ந்திருக்கிற கவுன்ட்டரில் இப்படி நடக்காது. காலையில் ஒரே ஒருவர் குரல் கொடுத்திருந்தால் போதும், கேஷியருக்கு அது நினைவில் இருக்கும், அடுத்து வருகிறவர்களுக்கு அவரே கவனித்துத் திருத்திவிடுவார். மெஷினுக்கு முன்னால் ஒவ்வொருவரும் தனியாக நிற்கிறோம். பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடித்த தவறு நமக்குத் தெரியாது.

சரி, என்ன செய்வது? ஆஃபருக்காகவே எடுத்த பொருள்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். திரையில் நாலைந்து வரிகள் இருக்கும்போது தவறு கண்ணில் படும், முப்பது வரிகளுக்கு நடுவில் படாது. ஸ்கேன் செய்ததும் திரையில் கடைசி வரியைப் பாருங்கள், அப்புறம் பையில் வையுங்கள். எல்லாப் பொருளுக்கும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. எதன் விலையைப் பார்த்து வாங்க முடிவு செய்தீர்களோ, அதற்குச் செய்தால் போதும்.

சில மெஷின்கள் தள்ளுபடியைப் பொருளுக்குக் கீழேயே உடனே கழித்துக் காட்டும். சில, பணம் கட்டும் பொத்தானை அழுத்திய பிறகுதான் எல்லாவற்றையும் சேர்த்துக் கழிக்கும். இரண்டாவது வகையில் ஏமாறுகிறவர்கள் அதிகம். "கடைசியில் கழித்துவிடும்" என்ற நம்பிக்கையிலேயே கார்டை நீட்டிவிடுகிறார்கள். அந்தப் பொத்தானை அழுத்திய பிறகு, கார்டா ரொக்கமா என்று தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், கழித்த வரிகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த நிலையில் திரும்பிப் போக வழி இருக்கும். பணம் கட்டிய பிறகு பொதுவாக மெஷினில் திருத்த முடியாது. வாடிக்கையாளர் சேவை மேசைக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

பெரிய தொகைக்கான ஆஃபர் என்றால் விலைச்சீட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போதே பொடி எழுத்தையும் படித்துவிடுங்கள்: ஆஃபர் முடியும் தேதி, எந்த அளவுப் பாக்கெட்டுக்கு, எந்த வகைக்கு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பல கடைகளில் சீட்டிலேயே பொருளின் பார்கோடு எண்ணையும் அச்சிடுகிறார்கள். கையில் இருக்கிற பாக்கெட்டின் கடைசி நாலு இலக்கத்தோடு அதை ஒத்துப் பார்த்தால், சீட்டு இந்தப் பொருளுடையதா, பக்கத்துப் பொருளுடையதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். என்னிடம் வந்த புகார்களில் பக்கத்துப் பொருளின் சீட்டைப் பார்த்துவிட்டு வந்தவையும் நிறைய உண்டு.

தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டிய பொருளை அப்படியே காட்டுவது

காலாவதித் தேதி நெருங்கிய பொருள்களில் குறைந்த விலைக்கான ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கரில் தனி பார்கோடு இருக்கும். பழைய பார்கோடு அடியில் மறைந்திருந்தால் பிரச்சினை இல்லை. அது பாக்கெட்டின் பின்புறம் திறந்தே இருந்தால், ஸ்கேனர் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைப் படித்துவிடும். முழு விலையும் ஏறும். பழைய பார்கோடை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஸ்டிக்கரை மட்டும் காட்டுங்கள். கையில் பிடிக்கிற ஸ்கேனர் இருந்தால் இன்னும் சுலபம்.

கடையிலேயே எடைபோட்டு ஒட்டுகிற லேபிள் வேறு கதை. அதன் பார்கோடு பெரும்பாலும் 2-ல் தொடங்கும், விலையோ எடையோ அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கும். லேபிள் அடித்தவர் தவறு செய்திருந்தால் மெஷின் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். அச்சிட்ட எடையையும் கையில் உள்ள பொட்டலத்தையும் எடுக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

"சொந்தப் பை" பொத்தான் பையின் எடையைக் கழிக்கும் என்று நம்புவது

கழிக்காது. இந்த மெஷின்களில் பெரும்பாலும் இரண்டு தராசுகள் இருக்கும். ஒன்று ஸ்கேனர் கண்ணாடியோடு சேர்ந்தது, விலை போடுவதற்கு. இன்னொன்று பை வைக்கிற மேடைக்குக் கீழே, ஸ்கேன் செய்யாத பொருள் ஏதாவது பைக்குள் போகிறதா என்று பார்ப்பதற்கு. "சொந்தப் பை" என்று அழுத்தினால் இரண்டாவது தராசுதான் சமாதானமாகும். உதிரிப் பொருளை டப்பாவிலோ துணிப்பையிலோ போட்டு ஸ்கேனர் மேல் வைத்தால், டப்பாவின் எடைக்கும் பொருளின் விலையைத்தான் கொடுக்கிறீர்கள்.

கலனின் எடையைக் கழிக்கும் வசதி சில கடைகளில் எடை பார்க்கும் திரையிலேயே இருக்கும், சில இடங்களில் உதவியாளர்தான் செய்ய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பொருளை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். விலை ஏற ஏற இது முக்கியமாகிறது: கனமான கண்ணாடிப் பாத்திரத்தில் விலை கூடிய பருப்பு வகைகளை நிறுப்பது வீண் செலவு.

கையையும் கைப்பையையும் தராசில் சாய்ப்பது

பொருளை வைப்பதற்கு முன் திரையில் பூஜ்யம் இருக்க வேண்டும். வைத்த பிறகு கையை எடுக்க வேண்டும்.

படத்தைப் பார்த்துப் பழத்தைத் தேர்ந்தெடுப்பது

திரையில் ஒரே மாதிரி நாலு ஆப்பிள் படம் வரும். நாலுக்கும் விலை வேறு. அவசரத்தில் முதல் படத்தைத் தொடுகிறவர்கள் அதிகம், அந்த முதல் படம் இயற்கை முறையில் விளைந்த, விலை கூடிய வகையாக இருந்துவிட்டால் போயிற்று. பழத்தில் ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரில் ஓர் எண் இருக்கும். பல நாடுகளில் புழங்குகிற பொதுவான எண்கள் அவை. சாதாரண மஞ்சள் வாழைப்பழத்துக்கு 4011. இயற்கை முறையில் விளைந்தது என்றால் முன்னால் 9 சேர்ந்து 94011. எண்ணைத் தட்டச்சு செய்ய மெஷின் விட்டால் படங்களின் பக்கமே போகாதீர்கள். ஸ்டிக்கர் இல்லாத காய்களுக்கு, அலமாரிச் சீட்டில் இருக்கிற முழுப் பெயரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். "தக்காளி" என்று மட்டும் நினைவு வைத்திருந்தால் திரையில் வருகிற வகைகளில் குழப்பம்தான்.

ஒன்றை ஸ்கேன் செய்து, எண்ணிக்கையில் நாலு என்று போடுவது

நாலும் ஒரே பொருளாக இருந்தால் சரி. ஒரே பிராண்ட், ஒரே நிற உறை, ஆனால் ஒன்று வேறு வகை என்றால், விலையும் மாறலாம், "இரண்டு எடுத்தால்" ஆஃபரும் தவறிப் போகலாம். ஒவ்வொன்றாகக் காட்டுவதற்கு ஆகிற நேரம் சில விநாடிதான். காட்டிய பொருளை ஸ்கேனருக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சில ஸ்கேனர்கள் அதே பொருளை இரண்டாவது முறையும் படித்துவிடும். பை மேடைத் தராசு வேலை செய்தால் எடை பொருந்தாமல் எச்சரிக்கும். ஆனால் அதை அணைத்து வைத்திருக்கிற கடைகள் உண்டு, இலேசான பொருள்களை அது கண்டுகொள்ளாமலும் விடும்.

உதவியாளரைக் கூப்பிடத் தயங்குவது

இரண்டு முறை ஏறிய வரியை நீக்க வேண்டும் என்றால் பல மெஷின்கள் உதவியாளர் வந்துதான் அனுமதிக்க வேண்டும் என்று நிற்கும். பின்னால் வரிசை, எல்லோரும் பார்க்கிறார்கள், சின்னத் தொகைதானே என்று கட்டிவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கூப்பிடுங்கள். அங்கே நிற்பவரின் வேலையே அதுதான், வரியை நீக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. விலைச்சீட்டில் தவறு என்றால் அதை மாற்றவும் சொல்லுங்கள். அன்றைக்கு அந்த அம்மா காலையிலேயே வந்திருந்தால் எத்தனை பேர் பணம் மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

மெம்பர் கார்டைக் கடைசியில் தேடுவது

பணம் கட்டத் தொடங்கிவிட்டால் பல மெஷின்கள் ஏற்காது. முதலிலேயே காட்டிவிடுங்கள்.

வெளிநாட்டில் சொந்த நாட்டு நாணயத்தில் கட்டுவது

வெளியூர் கார்டைப் போட்டால், உங்கள் நாட்டு நாணயத்திலேயே கட்டுகிறீர்களா என்று திரை கேட்கலாம். அந்த மாற்று விகிதத்தில் கூடுதல் தொகை சேர்ந்தே இருக்கும். எந்த நாட்டில் நிற்கிறீர்களோ, அந்த நாட்டு நாணயத்தையே தொடுங்கள்.